முன் போட்டோ, பின் போட்டோ

தம்பி, அந்தக் கட்டப்பையில இருக்குற ஜாக்கெட்ட ஒரு நிமிசம் வெளிய எடுங்க. காதர்பேட்டைக் கடையில வாங்குனதுங்களா? தொப்பிய இப்புடித் திருப்புங்க. ம். ஓரத்துல வெச்சிருக்குற இந்த ரோமத்தத் தடவிப் பாருங்க. பயப்படாதீங்க, எந்த உசுரோடதும் இல்ல. பூராம் நூலு, பிளாஸ்டிக் நூலு. இதே மாதிரி ஒரு தொப்பியினாலதான் போன வருசம் என்ற வேலையே போயிருக்கோணும். அதனாலதான் கேட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

குளுருற ஊருக்குப் போறீங்களா? சந்தோசம். உக்காருங்க, ரயிலு ஒண்ணே முக்கா மணி நேரம் லேட்டுங்கறான். நானும் சென்னைக்குத்தான். அங்க ஒரு பெரிய மீட்டிங்கு, பேசறதே நாந்தானுங்க. தலைப்பக் கேட்டாச் சிரிப்பீங்க. 'ஏற்றுமதித் தொழிலில் விலங்குகள் நலன்'. என்ற சம்சாரம் சிரிச்சா. சிரிச்சுப்போட்டு, "ஏனுங்க, அங்க பூனையைப் பத்தியும் சொல்லுவீங்களா?"ன்னு கேட்டா. பொம்பளைக்கு வாய் அதிகம்.

என்ற பேரு தெய்வசிகாமணி. பத்தொம்பது வருசமா ஒரே பனியன் கம்பெனியில கம்ப்ளையன்ஸ் மேனேஜர். டெய்லருமில்ல, கட்டிங் மாஸ்டருமில்ல. வெளிநாட்டுக்காரன் நம்மகிட்டத் துணி வாங்கறான் பாருங்க, அவன் சும்மா வாங்க மாட்டான். ஜன்னல் இத்தனை இருக்கோணும், கக்கூசு இத்தனை இருக்கோணும், சாயத்துல இன்னது இருக்கக்கூடாதும்பான். அவன் ஊர்ல சட்டம் போடுவான், நம்மூர்ல அத நடத்திக் காட்டோணும். அது என்ற சோலி. நடத்துனா மட்டும் பத்தாது தம்பி, நடத்துனதுக்குப் பேப்பர் இருக்கோணும். பேப்பர் இல்லீன்னா நடக்கவே இல்லீன்னு அர்த்தம்.

அந்தப் பேப்பர்ல முக்கியமானது போட்டோ. ஒரு தப்பக் கண்டுபுடிச்சா அத ஒரு போட்டோ எடுக்கோணும். கீழ 'முன்'னு எழுதோணும். தப்ப சரி பண்ணிப்போட்டு, அதே எடத்துல நின்னு, அதே மாதிரி இன்னொரு போட்டோ. கீழ 'பின்'. தீயணைக்குற சிலிண்டர் முன்னால எவனோ சைக்கிள நிறுத்தியிருக்கான்னு வைங்க. முன்: சைக்கிளு. பின்: சைக்கிள் இல்ல. பாக்கறவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்ல, பளிச்சுனு புரியும். இது நல்ல பழக்கம்னு எங்கூட்டு அடுப்படிக்கும் முன், பின் எடுத்துச் சம்சாரத்துகிட்டக் காட்டினேன். ரெண்டு நாளு சோறு ஓட்டல்லதான்.

போன வருசம் பிப்ரவரியில அந்த ஆர்டர் வந்துச்சு. குழந்தைங்க ஜாக்கெட்டு, தொப்பி ஓரத்துல பொய் ரோமம். ஆர்டர் குடுத்தவன் நாட்டுல நாய் ரோமம், பூனை ரோமத்துக்குத் தடை. ஒரு முடி சிக்கினாலும் சரக்கு மொத்தத்தையும் எரிச்சுப்போடுவோம்னு துணி வாங்கற பையர் எழுதியிருந்தான். எனக்குச் சந்தோசம்னா அப்புடி ஒரு சந்தோசம். புதுச் சட்டம், புது பைல். முந்நூத்தி நாப்பது பேரையும் சாப்பாட்டு ஹால்ல உக்கார வெச்சுக் கிளாஸ் எடுத்தேன். 'எந்த உயிரின் ரோமத்தையும் எடுக்க மாட்டேன், எடுப்பதற்குத் துணை போக மாட்டேன்'னு உறுதிமொழி வேற. பாதியில வஞ்சியம்மா எந்திரிச்சா.

வஞ்சியம்மா எங்க செக்கிங் செக்‌ஷனுக்கு மூத்த ஆளு. தைச்சு வர்ற பீசையெல்லாம் பாத்துத் தள்ளறது அவிங்கதான். கழுத்துல எப்பவும் கத்திரிக்கோல் தொங்கும். பத்தடி தள்ளி நின்னே விட்டுப்போன தையலச் சொல்லுவா. "ஏனுங் சார், என்ற பையனுக்குப் பழனியில மொட்டை வேண்டியிருக்கறனுங்க. அதுவும் ஆகாதுங்களா?"ன்னு கேட்டா. ஹாலே கொல்லுனு சிரிச்சுது. சட்டத்துல மனுசன் வரமாட்டாம்மான்னு சொல்லி உக்கார வெச்சேன். கிண்டல் பண்ணினாளா, நெசமாவே கேட்டாளான்னு இன்னும் தெரியல.

அந்தச் செக்கிங் செக்‌ஷன்லதான் ஒரு பூனை இருந்துச்சு. சாம்பலும் வெள்ளையும், இடது காது நுனி கிழிஞ்சிருக்கும். ஓட்டை விழுந்தது, கறை புடிச்சதுன்னு தேறாத பீசுகள ஒதுக்குவோம் பாருங்க, அதுக்கு எங்க ஊர்ல செகண்ட்ஸ்னு பேரு. குட்டியில அந்தக் கூடைக்குள்ள படுத்திருந்ததால பூனைக்கும் அதே பேர வெச்சுப்போட்டாங்க. 'செகண்ட்ஸ், வா சாமி', 'செகண்ட்ஸ், பால் குடிச்சியா'ன்னு நாளெல்லாம் கொஞ்சலு. எலி புடிக்குது சார்ன்னாங்க. புடிக்கட்டும், ஆனா என்ற தினசரிச் சீட்டுல ஒரு வரி இருக்குது. 'உற்பத்தி நடக்கும் இடத்தில் விலங்குகள் இல்லை: ஆம், இல்லை.' நாலு ரவுண்டு, நாலு டிக். அந்தப் பூனை இருக்குற வரைக்கும் நான் 'ஆம்' போட முடியாது. போதாததுக்குப் புதுசா வந்த பொய் ரோமத்துமேல போய்ப் படுத்துக்கிச்சு. மெத்துமெத்துன்னு இருக்குதல்லங்க, அதும்மேல என்ன தப்பு?

நான் மிருகத்துக்கு விரோதியில்ல தம்பி. அடிக்கல, வெசம் வைக்கல. எங்க பக்கம் பூனைய விடறதுக்கு ஒரு முறை இருக்குது. சாக்குல போட்டுக் கட்டி, வழி தெரியாம மூணு சுத்து சுத்தி, ஆத்தத் தாண்டி விட்டா அது திரும்பி வராது. மார்ச் மாசம் மொத ஞாயித்துக்கிழமை, கம்பெனி லீவு. டிவிஎஸ்ல வெச்சுக் கட்டி, நொய்யலத் தாண்டி மீன் மார்க்கெட்டு வாசல்லயே விட்டனுங்க. ஒரு பூனைக்கு அத விட நல்ல போஸ்டிங் உண்டுங்களா? கையெல்லாம் பிறாண்டிப்போடுச்சு, அது வேற.

அப்பறம் பைலு. முன்: ரோமக் குவியல்மேல பூனை படுத்திருக்குது. நடுவுல ஆதாரத்துக்கு ஒரு போட்டோ: வாய் கட்டுன சாக்கு. பின்: அதே குவியலு, ரோமம் மட்டும் இருக்குது, பூனை இல்ல. 'பூனை, எண்ணிக்கை ஒன்று, அகற்றப்பட்டது. பொறுப்பு: தெய்வசிகாமணி.' கையெழுத்து, தேதி, சீலு. அந்தப் பக்கத்தப் பாக்கப் பாக்க எனக்கே ஆசையா இருந்துச்சு.

திங்கக்கெழம பொம்பளைங்க தேடுனாங்க. தானாப் போயிருச்சு போலன்னேன். வஞ்சியம்மா என்ற கையில இருந்த பிறாண்டலப் பாத்தா. மூணு நாளு எல்லாரும் மொகத்தத் தூக்கி வெச்சுட்டு இருந்தாங்க. நாலாம் நாளு பாத்தா, சிரிப்பும் பேச்சுமா இருக்குறாங்க. சீக்கிரம் மனசு ஆறிருச்சேன்னு நானும் சந்தோசப்பட்டேன். அதுக்கப்பறம் ஒரு அதிசயம் தம்பி, பூனை போயும் கம்பெனியில ஒரு எலி கூடத் தலை காட்டல. நான் வாங்கி வெச்ச எலிப்பொறி நல்லா வேலை செய்யுதுன்னு அதையும் பைல்ல ஏத்திட்டேன்.

ஜூன் மாசம் ஷிப்மெண்ட் போச்சு. ஆகஸ்ட்ல குண்டு விழுந்துச்சு. கண்டெய்னர அந்த நாட்டுத் துறைமுகத்துல நிறுத்திட்டாங்க. அஞ்சு ஜாக்கெட்ட எடுத்து லேபுல பாத்தா, அஞ்சுலயும் பூனை முடி.

முதலாளி சென்னியப்பன் கோவத்துல கத்துற ஆளில்ல. சாந்தமாத்தான் கேட்டாரு. "ஏனுங் மணி, பூனையத் தைச்சு அனுப்பிப்போட்டீங்களா?" இல்லீங்க, எல்லாத்துக்கும் பேப்பர் இருக்குதுன்னேன். "அங்கிருந்து விசாரிக்க ஒரு அம்மா வருது. நம்ம மேல தப்புன்னு எழுதிருச்சுன்னா எவனும் நமக்கு ஆர்டர் தர மாட்டான். முந்நூத்தி நாப்பது பேர வீட்டுக்கு அனுப்போணும். அதுக்கு முன்னால நீங்க போகோணும். ராஜினாமா எழுதி வைங்க, உங்களுக்குத்தான் எழுத நல்லா வருமே." அன்னிக்குச் சோறு எறங்கல தம்பி. பத்தொம்பது வருசம்.

அந்த அம்மா பேரு லீஸ்பெத். ஒசரம்னா ஒசரம், நம்ம கம்பெனி வாசப்படியில தலை இடிக்கும். தோல், ரோமம் யாவாரத்துல எங்க எவன் சட்டத்த ஏமாத்துறான்னு நாடு நாடாப் போய்ப் பாக்குறது அவிங்க வேலை. கூடக் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கால்நடை டாக்டரம்மா, எழிலரசின்னு. வந்ததும் வராததுமா, பூனை சம்பந்தமா ஏதாவது ரெக்கார்டு இருக்குதான்னு கேட்டாங்க. எனக்கு உசுரே வந்துச்சு. இருக்குதான்னு கேக்கறீங்களா? சீல் வெச்சு இருக்குது! அந்தப் பக்கத்த நானே விரிச்சு முன்னால வெச்சேன்.

அந்த அம்மா மொதப் போட்டோவப் பாத்துச்சு. பூனை. ரெண்டாவதப் பாத்துச்சு. கட்டுன சாக்கு. மூணாவதப் பாத்துச்சு. ரோமம். அப்பறம் என்னைப் பாத்துச்சு. மறுபடியும் பூனை, சாக்கு, ரோமம். கண்ணுல தண்ணி. எனக்கு ஒண்ணும் புரியல, ஆட்டோவுல வந்த தூசின்னு நெனச்சேன். "இதச் செஞ்சது யாரு?"ன்னு டாக்டரம்மா தமிழ்ல கேட்டாங்க. கீழ பாருங்க மேடம், கையெழுத்து என்னுதுதான்னு பெருமையாச் சொன்னேன். "எத்தனை பூனை?" ஒண்ணுதாங்க, அதுக்கு மேல இங்க ஸ்டாக் இல்லீன்னேன்.

டாக்டரம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க. "யோவ், என்னய்யா சொல்ற நீ?" அப்பத்தான் எனக்கே அந்த மூணு போட்டோவும் வரிசையாக் கண்ணுல பட்டுச்சு. பூனை, சாக்கு, ரோமம். ஐயோ சாமி. அந்த நாற்காலியிலயே வேர்த்து ஊத்திருச்சு. நான் உரிக்கலீங்க, விட்டுட்டேன், மீன் மார்க்கெட்டுல உசுரோட விட்டனுங்கன்னு கத்தறேன். அந்த அம்மா நோட்டுல எழுதிட்டே இருக்குது.

அப்பறம் அது போன எடுத்து எனக்குச் சில படங்களக் காட்டுச்சு. எங்கயோ ஒரு நாட்டுல ஒரு கொட்டகை. கம்பிக் கூண்டு, ஒண்ணும்மேல ஒண்ணு. உள்ள நரி. திரும்பிப் படுக்க எடமில்ல, அதோட காலையே கடிச்சு வெச்சிருக்குது. இன்னொண்ணுல சாக்குச் சாக்கா நாய், பூனைத் தோலு, வேற மிருகத்தோட பேர ஒட்டி விக்கறானாம். அதத்தான் குழந்தைங்க உடுப்புல வெச்சுத் தைக்கறாங்களாம். அதுக்குத்தான் இந்தச் சட்டம்னு டாக்டரம்மா சொன்னாங்க. சட்டத்த நான் முப்பது தடவை படிச்சிருக்கேன் தம்பி, இந்த நரிய ஒரு தடவை கூட நெனச்சதில்ல. அந்த நிமிசம் எனக்கு நெசமாவே வெக்கமா இருந்துச்சு.

ஆனா அதோட முடியல. அந்த அம்மாவுக்கு மூளைன்னா மூளை. "நீ பூனைய விட்டது மார்ச் மொத வாரம். இந்த ஜாக்கெட்ட வெட்டுனது ஏப்ரல் கடைசி. பூனை போயி ரெண்டு மாசம் கழிச்சுத் தைச்ச துணியில பூனை முடி எப்புடி வந்துச்சு?"ன்னு கேட்டுச்சு. பூனையே இல்லீன்னு தினம் நாலு தடவை டிக் போட்டுருக்கறனே! அந்தச் சீட்டையும் எடுத்துக் காட்டினேன். அதப் பாத்ததும் சந்தேகம் இன்னும் எச்சாயிருச்சு.

கடைசியா ஒரு வழி சொன்னாங்க. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள அந்தப் பூனைய உசுரோட காட்டோணும். முடிய வேரோட எடுத்து, அங்க சிக்கின முடியோட ஒத்துப் பாப்பாங்க. ஒத்துப்போனா இது மேல ஒட்டுன முடி, தோலு உரிச்சது இல்லீன்னு எழுதுவாங்க. காட்டலீன்னா கண்டெய்னர் எரியும்.

மறுநாள் வெடிஞ்சதும் மீன் மார்க்கெட்டு. 'முன்' போட்டோவப் பெருசா அடிச்சுக் கையில புடிச்சுட்டு ஒவ்வொரு கடையாக் காட்டறேன். "காணாமப் போனது யாருங்க, சொந்தமா?"ன்னு ஒரு மீன்காரம்மா கேட்டா. பூனைங்கன்னேன். "அஞ்சு மாசம் கழிச்சா தேடறீங்க?" பக்கத்துக் கடைக்காரன், "ஏதாச்சும் சொத்துப் பிரச்சினையா இருக்கும்"ங்கறான். தலையெழுத்து. மத்தியானத்துக்குள்ள மூணு பூனை புடிச்சேன். மேலெல்லாம் ரத்தம், சட்டையெல்லாம் மீன் நாத்தம். மூணும் சாம்பலும் வெள்ளையும்தான்.

கம்பெனிக்குக் கொண்டுவந்து லைட் பாக்ஸ்ல வெச்சுப் பாத்தனுங்க. துணிச் சாயம் சாம்பிளோட ஒத்துப்போகுதான்னு பாக்குறதுக்கு வெச்சிருக்கமே, விளக்குப் போட்ட பொட்டி, அதுல. மொதப் பூனை ரெண்டு ஷேடு டார்க்கு. ஒண்ணு பழுப்படிக்குது. மூணாவது அப்ரூவல் குடுக்கலாம் போல இருந்துச்சு, ஆனா பொட்டிக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிருச்சு. அந்த நேரம் பாத்து வஞ்சியம்மா உள்ள வந்தா. ஒரே பார்வை. "சார், மூணும் கடுவனுங்க. செகண்ட்ஸ் பொட்டைப் பூனைங்க"ன்னா.

உக்காந்துட்டேன் தம்பி. மணி ரெண்டரை. எல்லாத்தையும் அவகிட்டக் கொட்டிட்டேன், சாக்கு, மீன் மார்க்கெட்டு, கண்டெய்னர், முந்நூத்தி நாப்பது பேரு, என்ற ராஜினாமா. பொறுமையாக் கேட்டா. கேட்டுப்போட்டு, "அந்தப் பூனை கெடைச்சா என்னங் சார் பண்ணுவீங்க?"ன்னா.

"மேடத்துக்குக் காட்டுவேன்."

"காட்டிப்போட்டு?"

"காட்டிப்போட்டு மறுபடியும் கொண்டுபோய் விடத்தான் வேணும். ரூலு இருக்குதல்லம்மா."

அவ திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு அப்பத்தான் ஏதோ பொறி தட்டுச்சு. வஞ்சியம்மா, வஞ்சியம்மா, நில்லுங்கன்னு பின்னாலயே ஓடினேன். விட மாட்டேன்னு சொன்னேன். "சொன்னாப் பத்தாதுங் சார். பேப்பர் இல்லீன்னா நடக்கலீன்னு நீங்கதான் கிளாஸ் எடுத்தீங்க"ன்னா. அவ முன்னாலயே வெள்ளைத் தாள்ல எழுதினேன். 'பூனை இந்த நிறுவனத்திலேயே இருக்கும். யாரும் அகற்றக்கூடாது.' கையெழுத்து. "சீலுங் சார்?" சீலும் வெச்சேன்.

தாள மடிச்சு இடுப்புல சொருகிட்டு, செக்கிங் டேபிள்ல கத்திரிக்கோலால ரெண்டு தட்டுத் தட்டுனா. டேபிளுக்கு அடியில இருந்து, நான் தினம் நாலு தடவை தாண்டிப் போற ஒரு அட்டப்பொட்டியில இருந்து, செகண்ட்ஸ் சோம்பல் முறிச்சுட்டு வெளிய வந்துச்சு. காது நுனி கிழிஞ்சிருக்குது. என்னப் பாத்ததும் ஒரே பாய்ச்சல்ல வஞ்சியம்மா தோள்மேல ஏறிக்கிச்சு.

விட்ட மூணாம் நாளே திரும்பி வந்துருச்சாம் தம்பி. ஆத்தத் தாண்டி, ரெண்டு கிலோமீட்டர் பஜாரத் தாண்டி, வயித்துல குட்டியோட. அது எனக்குத் தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாது. ரோமம் வெட்டுன மிச்சத்துலயே மூணு குட்டி போட்டுருக்குது. அஞ்சு மாசம்! நான் படி ஏறுனா மெசின் சத்தம் மாறுமாம், உடனே பொட்டிக்குள்ள. குட்டிகள மெசின்ல தைக்கற டெய்லருங்க ஆளுக்கொண்ணா வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. முந்நூத்தி நாப்பது பேருக்கும் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். முதலாளியோட டிரைவருக்கே தெரியுமாம். எனக்குத்தான் தெரியாது.

நாலு மணிக்கு லீஸ்பெத் வந்தாங்க. செகண்ட்ஸப் பாத்ததும் தரையிலயே உக்காந்துட்டாங்க, அந்த ஒசரத்தையும் வெச்சுட்டு. ஏப்ரல்லயும் பூனை இங்கதான் இருந்துச்சுன்னு என்ன ஆதாரம்னு டாக்டரம்மா கேட்டாங்க. அவ்வளவுதான். ஒவ்வொருத்தியும் போன எடுக்கறா. புரொடக்‌ஷன்ல போன் வெச்சுக்கக் கூடாதுன்னு நானே போர்டு எழுதி மாட்டியிருக்கேன்! ரோமத்துமேல செகண்ட்ஸ், ரோமத்துக்குள்ள குட்டிக, தொப்பிக்குள்ள ஒரு குட்டி, எல்லாம் தேதியோட. வாட்ஸப்ல 'செகண்ட்ஸ் குடும்பம்'னு ஒரு குரூப்பு, அதுல இருநூத்திப் பன்னெண்டு பேரு. அத ஸ்க்ரோல் பண்ணிப் பாத்துட்டு அந்த அம்மா சிரிக்குது, மூக்கத் தொடைக்குது, மறுபடியும் சிரிக்குது.

எல்லாம் போனப்பறம் வஞ்சியம்மாகிட்டக் கேட்டேன். மனசு தாங்கல. "இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்குது, ஏம்மா என்றகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லல?"

அவ பீசுல இருந்து கண்ண எடுக்காமச் சொன்னா. "சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களே சார்."

கோவமாச் சொல்லல தம்பி. பீசுல கறை இருக்குதுன்னு சொல்ற மாதிரிச் சொன்னா. அதுதான் குத்துச்சு. ராத்திரி தூங்கறப்பக் கூட அந்த வார்த்தை காதுலயே நின்னுச்சு.

ரெண்டு வாரத்துல முடி ஒத்துப்போச்சுன்னு வந்துச்சு. தொப்பியெல்லாம் அங்கயே சீவிச் சுத்தம் பண்ணி, கண்டெய்னர விட்டுட்டாங்க. கம்பெனி தப்பிச்சுது. ஆனா லீஸ்பெத் எழுதுன அறிக்கையில விலங்கு நலன்ல ஒரே ஒரு மீறலுன்னு போட்டிருந்துச்சு. அது யாரு மேலங்கறீங்க? என்ற மேல! சினைப் பூனையச் சாக்குல கட்டிக் கொண்டுபோய் அனாதையா விட்டது. நம்ம நாட்டுச் சட்டத்துலயே அது குத்தம்னு டாக்டரம்மா வேற சொன்னாங்க. ஊருக்கெல்லாம் உறுதிமொழி எடுத்துக் குடுத்தவன் நானு. மறுபடியும் முந்நூத்தி நாப்பது பேரையும் உக்கார வெச்சு, நான் மட்டும் எந்திரிச்சு நின்னு, 'எந்த உயிரையும் கைவிட மாட்டேன்'னு தனியா உறுதிமொழி எடுத்தனுங்க. சிரிக்காம இருக்கோணும்னு ஒவ்வொருத்தியும் துப்பட்டாவ வாயில அடைச்சுட்டு இருந்தாளுக.

பூனை கம்பெனியிலயே இருக்கலாம், ஆனா உற்பத்தி நடக்கற எடத்துல இருக்கக்கூடாதுன்னு முடிவாச்சு. வாட்ச்மேன் ரூம் பக்கத்துல அதுக்குன்னு ஒரு சின்ன ரூம் கட்டினோம். பச்சைப் பெயிண்டு, தண்ணித் தட்டு, மெத்தை, பேர்ப் பலகை. முன், பின் போட்டோ ரெண்டும் அனுப்பினேன். அதப் பாத்துத்தான் எங்களது முன்மாதிரிக் கம்பெனின்னு சொல்லி, இன்னிக்குச் சென்னையில என்னப் பேசக் கூப்புட்டிருக்குறாங்க.

அந்த ரூம்ல செகண்ட்ஸ் ஒரு நாளாவது படுத்துச்சாங்கறீங்களா?

போன ஐப்பசியில ஒரு நாளு, பதினொண்ணரை மணி ரவுண்டு. ஷூ கடிச்சுதுன்னு ரப்பர் செருப்புல போயிட்டேன், சத்தமே இல்ல. செக்கிங் டேபிளுக்கு அடியில அட்டப்பொட்டி, அதுல இருந்து வாலு தொங்குது. சாம்பலும் வெள்ளையும். வஞ்சியம்மா கையில பீசு அப்புடியே நின்னுபோச்சு. என்ற கையில சீட்டு. 'விலங்குகள் இல்லை: ஆம், இல்லை.' தெரியாமப் போட்டது வேற தம்பி. தெரிஞ்சு ஒரு பொய் டிக்கு, பத்தொம்பது வருசத்துல நான் போட்டதில்ல. கை அந்தக் கட்டத்துக்கிட்டப் போயி நிக்குது. அந்த நரி ஞாபகம் வந்துச்சு, அவ சொன்ன வார்த்தையும் வந்துச்சு. நான் அண்ணாந்து டியூப் லைட்டப் பாத்தேன். இதுல ஒண்ணு மினுக்குதே, மாத்தச் சொல்லோணும்னு சொல்லிட்டு, 'ஆம்'ல டிக் போட்டுத் திரும்பிட்டேன். நான் பாத்தது அவிங்க ஒருத்திக்கும் தெரியாது, அவ்வளவு சாமர்த்தியமா நடந்துக்கிட்டேன்.

அன்னியில இருந்து படி ஏறுறப்ப இருமறனுங்க. நோயெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். மேல போறதுக்குள்ள அவிங்களுக்கு நேரம் வேணுமல்லங்க, அதுக்குத்தான். முந்நூத்தி நாப்பது பேருல இது ஒருத்தருக்கும் தெரியாது. பைல்லயும் இல்ல. உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க குளுருற ஊருக்குப் போயிருவீங்க.

என்ன ஒண்ணு, சாருக்கு வயசாயிருச்சுன்னு வஞ்சியம்மா பாவம் பயந்துபோயிட்டா. தினம் காலைல சுக்கு, மெளகு, துளசி போட்டுக் கஷாயம் கொண்டாந்து தர்றா. தொண்டைய அறுக்குது தம்பி, இருந்தாலும் குடிச்சிருவேன். நேத்துக் கூட டம்ளரக் கையில குடுத்துப்போட்டுச் சொல்றா: "இருமல அடக்கவே கூடாதுங் சார். கீழ்ப்படியிலயே ஆரம்பிச்சு, நல்லாச் சத்தமா இருமிருங்க." பாசமான பொம்பளைங்க. பாவம், அவிங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.